சுத்துற டயல் போன் வீட்ல வெக்கணுமா? போன பாக்குறதுக்கு முன்னாடி லைன பாருங்க – முழு வழிகாட்டி

போன வருஷம் காரைக்குடி போயிருந்தப்ப முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைங்கள சும்மா வேடிக்கை பாத்துட்டு வந்தேன், ஒரு கடை வாசல்ல கறுப்பு கலர்ல ஐடிஐ கம்பெனி போன் ஒண்ணு, டயல சுத்தி விட்டா சர்ர்ருனு திரும்புது, ரிசீவர் தூக்குனா கைக்கு நல்ல கனம். பேரம் பேசி 1,800 ரூபாக்கு வாங்கி பஸ்ல மடில வெச்சே சென்னை வரைக்கும் கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பைபர் இன்டர்நெட் பெட்டில சொருகினா டயல் டோன் அருமையா வருது. சரின்னு தங்கச்சி நம்பர சுத்துனேன். பதினோரு எண்ணும் சுத்தி முடிச்சாச்சு, காதுல இன்னும் அதே டயல் டோன் ஙொய்ய்ய்னு ஓடிட்டு இருக்கு.

எங்க தெருவுல ரிட்டயர்ட் லைன்மேன் ஒருத்தர் இருக்காரு, அண்ணான்னுதான் கூப்பிடுவேன். வந்து பாத்தாரு, ரெண்டு தடவை சுத்தி காதுல வெச்சு கேட்டாரு, "போன் நல்லாத்தான் இருக்கு தம்பி, உன் லைனுக்குத்தான் காது கேக்கல"ன்னாரு. அந்த ஒரு வரிதான் இந்த மொத்த வழிகாட்டியும். எல்லாரும் போன் எந்த கலர், எந்த மாடல்னு ஆரம்பிக்கிறாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், ஆனா முதல்ல பாக்க வேண்டியது உங்க வீட்டு லைன்.

காது கேக்கலைன்னா என்ன அர்த்தம்

கொஞ்சம் உள்ள போய் பாத்துருவோம், இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். பழைய செம்பு லைன்ல எப்பவும் சுமார் 48 வோல்ட் டிசி நிக்கும். ரிசீவர் தூக்குனா சர்க்யூட் மூடி கரண்ட் ஓட ஆரம்பிக்கும், உடனே எக்ஸ்சேஞ்ச் டயல் டோன் குடுக்கும். டயல சுத்தி விட்டா அது திரும்பி வர்றப்ப அந்த சர்க்யூட்ட விட்டு விட்டு வெட்டும், 1 சுத்துனா ஒரு வெட்டு, 5 சுத்துனா அஞ்சு வெட்டு, 0க்கு பத்து வெட்டு. செகண்டுக்கு 10 வெட்டுங்கறதுதான் கணக்கு. இதுக்கு பேர் பல்ஸ்.

பட்டன் போன் வேற ஜாதி. ஒவ்வொரு பட்டனுக்கும் ரெண்டு சத்தம் சேந்த ஒரு டோன் அனுப்பும், அமெரிக்கால 1963ல மக்களுக்கு வந்த முறை, இன்னிக்கு உலகம் பூரா அதான். இப்ப வர்ற பைபர் பெட்டி நிறைய இந்த டோன மட்டும்தான் எதிர்பாக்குது, பல்ஸ் வந்தா என்னன்னே தெரியாம முழிக்கும்.

எண்பதுகள்ல வளந்தவங்களுக்கு பல்ஸ் எப்படி வேலை செய்யுதுன்னு யாரும் சொல்லித்தர வேண்டாம். அப்பா ஆபீஸ் போறப்ப டயல் ஓட்டைல குட்டி பூட்டு ஒண்ணு போட்டுட்டு போவாரு, எஸ்டிடி பில் எகிறிடும்னு. நாங்க ரிசீவர் வெக்கிற எடத்துல இருக்கிற கட்டைய டக் டக் டக்னு சரியான வேகத்துல தட்டியே நம்பர் போட்டுருவோம். டயலும் அதே வேலையத்தான் பண்ணுது, வெட்டி வெட்டி விடுறது, விரலால பண்ணா பூட்டு என்ன செய்யும். பில் வந்த அன்னிக்கு அடி விழுந்துச்சு, அது வேற கதை.

ஸ்டெப் 1: லைன் டெஸ்ட், செலவே இல்ல

உங்க வீட்டுக்கு வர்றது செம்பு வயரா பைபரான்னு பாருங்க. சுவத்துல பழைய ரோசெட் பாக்ஸ் (போன் வயர் வந்து சேர்ற குட்டி டப்பா) இருந்து அதுல நேரா போன் ஓடுச்சுன்னா செம்பு. இன்டர்நெட் பெட்டி பின்னாடி போன் படம் போட்ட ஓட்டைல இருந்து வந்தா பைபர். பிஎஸ்என்எல் உள்பட எல்லாருமே இப்ப செம்ப பைபருக்கு மாத்திட்டே வர்றாங்க, அதனால இன்னிக்கு செம்புங்கறத நம்பி ரொம்ப காசு போடாதீங்க.

அடுத்து, சொந்தக்காரங்க யார் வீட்லயாச்சும் தூசி படிஞ்சு கெடக்கிற பட்டன் போன் ஒண்ணு கடன் வாங்குங்க, பீட்டெல் மாதிரி சாதாரண போன் போதும். அதோட அடில இல்லன்னா பக்கவாட்டுல பல்ஸ், டோன்னு ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அத பல்ஸ் பக்கம் தள்ளிட்டு ரிசீவர் தூக்கி ஏதாவது ஒரு எண் அழுத்துங்க, காதுல டக டக டகன்னு கேக்கும். அழுத்துன உடனே டயல் டோன் நின்னுச்சுன்னா உங்க லைனுக்கு காது கேக்குது. நிக்கலைன்னா செவிடு. டயல் டோன் நின்னதோட விடாம முழு நம்பரும் போட்டு உங்க மொபைல் அடிக்குதான்னு பாத்துடுங்க, ஏன்னா சில பெட்டி முதல் எண்ண வாங்கிட்டு அப்புறம் தப்பா எண்ணும்.

கேக்குதுன்னா எந்த போன் வேணா வாங்கலாம், ஸ்டெப் 2க்கு ஓடிடுங்க.

கேக்கலைன்னா வழி இருக்கு. முதல்ல கம்பெனிக்கு போன் பண்ணி, பெட்டில பல்ஸ் டயலிங்க ஆன் பண்ண முடியுமான்னு கேளுங்க, சில மாடல்ல அந்த செட்டிங் உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். கஸ்டமர் கேர்ல எடுக்கிற பொண்ணுக்கு பல்ஸ்னா என்னன்னு தெரிய வாய்ப்பு கம்மி, எனக்கு "சார் மோடம ரீஸ்டார்ட் பண்ணீங்களா"ன்னுதான் மூணு தடவை கேட்டாங்க. வீட்டுக்கு வர்ற பைபர் டெக்னீஷியன்கிட்ட நேர்ல கேக்குறதுதான் நல்லது. ரெண்டாவது வழி, பல்ஸ டோனா மாத்துற குட்டி கன்வர்ட்டர், வெளிநாட்டுல டயல்கிஸ்மோ, ரோட்டடோன்னு கெடைக்கும், லைனுக்கும் போனுக்கும் நடுவுல இல்லன்னா போனுக்கு உள்ளயே போடறது. நம்மூர் கடைல கெடைக்காது, வரவழைக்கணும், அதனால பழைய போன் மேல நெஜமாவே ஆசை உள்ளவங்களுக்கு மட்டும். மூணாவது வழி ரொம்ப சுலபம், பழைய மாடல் மாதிரி இருக்கிற பட்டன் போன் வாங்கிடுங்க. இன்னொண்ணும் இருக்கு: போன் எடுக்க மட்டும், பேச மட்டும் போதும், கூப்பிடறது மொபைல்ல பாத்துக்கறேன்னா சுத்துற போன அப்படியே செவிட்டு லைன்லயே வெச்சுக்கலாம். வர்ற கால் தாராளமா வரும், மணி அடிக்கும், எடுத்து பேசலாம்.

லேண்ட்லைனே இல்லாத வீடா? மொபைலோட ப்ளூடூத்ல சேந்துக்கிட்டு பழைய போனுக்கு மணியும் டயல் டோனும் குடுக்கிற பெட்டி இருக்கு, எக்ஸ்லிங்க் அதுல பேர் போனது, சுத்துற டயலயும் புரிஞ்சுக்கும். அது வேண்டாம்னா சிம் கார்டு போடற மேஜை போன், பழைய மாடல் ஒடம்போடயே வருது. அதுக்கு வயர் கிடையாது, சார்ஜ் போடணும். அது மேஜை மேல ஒக்காந்திருக்கிற மொபைல்தான், தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா வாங்குறப்ப தெரிஞ்சு வாங்குங்க.

ஸ்டெப் 2: எந்த போன்

நெஜ பழசு. நம்ம நாட்டுல பெரும்பாலும் ஐடிஐ, அதாவது இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், 1948ல பெங்களூர்ல ஆரம்பிச்ச அரசு கம்பெனி, அந்த ஏரியாவுக்கே தூரவாணி நகர்னு பேரு. ஒரு காலத்துல போன் வேணும்னா எழுதி போட்டு வருஷக்கணக்குல காத்துட்டு இருக்கணும், வந்துச்சுன்னா இவங்க போன்தான் வரும், கலர் எல்லாம் கேக்க முடியாது. பக்கத்து வீட்டு நம்பர பி.பி. நம்பர்னு விசிட்டிங் கார்டுல போட்டுக்கிட்ட காலம். அதனாலதான் அந்த போன அவ்வளவு பொத்தி பொத்தி வெச்சாங்க, அதனாலதான் இன்னிக்கும் உருப்படியா கெடைக்குது.

கடைல பாக்குறப்ப முதல் வேலை, தலைகீழா திருப்பி லேசா ஆட்டுங்க. உள்ள மணி இருந்தா டிங்னு ஒரு சத்தம் வரும். சத்தமே இல்லாம வெறும் கனம் மட்டும் இருந்தா சந்தேகப்படுங்க, குடல உருவிட்டு உள்ள இரும்பு தகடு வெச்சு ஷோ கேஸ் பீஸா விக்கிறதும் உண்டு. அப்புறம் டயல்ல 0 வரைக்கும் சுத்தி விட்டு மொபைல்ல டைம் பாருங்க, ஒரு செகண்டுக்கு மேல கொஞ்சம்தான் ஆகணும், ஒன்றரை ரெண்டு செகண்டு இழுத்துச்சுன்னா எண்ணெய் காஞ்சு போச்சு, ராங் நம்பரா விழும். திரும்பி வர்ற சத்தம் சீரா இருக்கணும், நடுவுல மூச்சு வாங்கக் கூடாது. ரிசீவர் வெக்கிற கட்டை ரெண்டும் அமுங்கி நல்லா மேல எழும்புதான்னு பாருங்க. ரிசீவர் ஒடம்புல முடி மாதிரி விரிசல் இருக்கும், பேக்கலைட்டுங்கற அந்தக் கால கெட்டி பிளாஸ்டிக்ல அது வளரும், ஒட்டுனாலும் தெரியும். மேல புதுசா வார்னிஷ் அடிச்சு பளபளன்னு இருந்தா நான் வாங்க மாட்டேன், என்னத்த மறைச்சாங்களோ.

புது போன், பழைய வேஷம். பித்தளைல, மரத்துல, மகாராஜா போன்னு ஆன்லைன்ல வரிசையா வரும். இந்த பித்தளை சாமான் நிறைய உத்தரப் பிரதேசத்துல மொரதாபாத் பக்கம் செய்யறது, பித்தளை நகரம்னே அதுக்கு பேரு. பாக்க கண்ணப் பறிக்கும். ஆனா படத்த பெருசு பண்ணி டயல பாருங்க, முக்கால்வாசில அது சுத்தவே சுத்தாது, வட்டமா பட்டன் அடுக்கி வெச்சிருப்பாங்க. உங்க லைன் செவிடுன்னா இதுதான் உங்களுக்கு வசதி, அதனால இத மட்டமா சொல்லல. பிரச்சனை உள்ள. நான் முன்னாடி ஒண்ணு வாங்கினேன், எந்த கடைன்னு வேண்டாம், மூணு கிலோ பித்தளைக்குள்ள தீப்பெட்டி சைஸ்ல ஒரு போர்டு, மணிக்கு பதிலா கிரிக்கெட் பூச்சி மாதிரி கீகீன்னு ஒரு பஸ்ஸர். ரெண்டு மணி கிண்ணம் வெளிய அழகா தொங்குது, அது சும்மா அலங்காரம். அதனால கேக்க வேண்டிய கேள்வி நெஜ மணியா, ரிடயல் பட்டன் இருக்கா, ரிசீவர் வயர் கழட்டி மாட்டுற மாதிரியா, அவ்வளவுதான். ரிசீவர் வயர் உள்ளயே பத்த வெச்சிருந்தா அது அறுந்த அன்னிக்கு போன் கதை முடிஞ்சுது.

இந்த மாதிரி போன் சிலதுல ஒரே ஜாடை இருக்கும், அது அமெரிக்கால 1949ல வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 500ன்னு வந்த மாடல், டிசைனர் ஹென்றி டிரேஃபஸ் ஆபீஸ்ல வரைஞ்சது. பிரிட்டிஷ் ஜாடைல வேணும்னா 1967 மாடல் ஜிபிஓ 746 (ஜிபிஓன்னா அந்த நாட்டு தபால் துறை) மாதிரி தேடுங்க. எனக்கு அதோட முன்பக்க வளைவு ரொம்ப புடிக்கும்.

மூணாவதா யாரும் சொல்லாத ஒண்ணு, எண்பது தொண்ணூறுகள்ல வந்த சாதாரண பட்டன் போன். ஆசை பழசு மேல, லைன் புதுசுன்னு மாட்டிக்கிட்டவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதத்தான். டோன், பல்ஸ் ரெண்டும் பேசும், விலை கம்மி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வயர் கெடைக்கும்.

ஸ்டெப் 3: மாட்டுறது

பழைய போன்ல இருந்து வர்ற வயர் முனைல இப்ப இருக்கிற கிளிப் இருக்காது, மொட்டையா ரெண்டோ மூணோ நாலோ வயர் தொங்கும். அந்த கிளிப் சொருகுற ஆர்ஜே 11 சாக்கெட் வெச்ச சின்ன பாக்ஸ் வாங்கி அதுக்குள்ள ஸ்க்ரூல முடுக்கிக்கலாம், போன் வயர வெட்டாதீங்க, துணி சுத்துன பழைய வயரா இருந்தா திரும்ப கெடைக்காது. லைனுக்கு தேவை ரெண்டே ரெண்டு வயர்தான். எது அந்த ரெண்டுன்னு தெரியலைன்னா அடித்தட்ட கழட்டுங்க, பல போன்ல உள்ளயே சர்க்யூட் படம் ஒட்டியிருக்கும். கைல தொட்டு பாக்குற வேலை மட்டும் வேண்டாம், 48 வோல்ட் ஒண்ணும் பண்ணாது, ஆனா அந்த நேரம் பாத்து யாராவது கூப்பிட்டா மணிக்கு வர்றது 75 வோல்ட்டுக்கு மேல ஏசி, ஒரு ஒதறு ஒதறும். எனக்கு ஆச்சு, கூப்பிட்டது லோன் வேணுமான்னு கேக்குற ஆளு.

பைபர் பெட்டிலருந்து ஹால், பெட்ரூம்னு சுவத்துக்குள்ள போற பழைய போன் வயரிங்க பயன்படுத்திக்கலாம்னு தோணும், நல்ல யோசனைதான், ஆனா அதுக்கு முன்னாடி வெளிய தெருவுலருந்து வர்ற பழைய செம்பு வயர முழுசா கழட்டி விட்டுடணும். ரெண்டு பக்கமும் கரண்ட் வந்து மோதுனா பெட்டி போயிடும்.

இன்னும் செம்புலயே இன்டர்நெட்டும் ஓடுதுன்னா போனுக்கு முன்னாடி ஸ்ப்ளிட்டர் (போனையும் நெட்டையும் பிரிக்கிற குட்டி டப்பா) கண்டிப்பா போடுங்க. இல்லன்னா காதுல உஸ்ஸுனு சத்தம், நெட்டு வேற அறுந்து அறுந்து வரும்.

எடம்: ஜன்னல் வெயில் படக்கூடாது, பிளாஸ்டிக் போன்னா மஞ்சளாயிடும். ஒக்காந்து பேச ஒரு நாற்காலி, பக்கத்துல பேப்பர், பேனா. வயர் போன்ல நடந்துக்கிட்டே பேச முடியாது, அதுதான் இதோட சுகமே.

ஸ்டெப் 4: மணி

நெஜ மணி இருக்கிற போன் பைபர் பெட்டில சில சமயம் டிங்னு ஒரே ஒரு தட்டு தட்டிட்டு நிக்கும், இல்ல மெல்லிசா அடிக்கும். பெட்டி குடுக்கிற சக்தி பத்தலைன்னு அர்த்தம். அதே லைன்ல வேற போன் மாட்டியிருந்தா கழட்டி பாருங்க, ஒவ்வொரு போனும் அதுல பங்கு கேக்கும். அப்பவும் சரியாகலைன்னா அடித்தட்ட கழட்டுங்க, லைன உருவிட்டு. ரெண்டு கிண்ணத்துக்கு நடுவுல ஒரு குட்டி சுத்தியல் ஆடும். கிண்ணத்தோட ஸ்க்ரூ ஓட்டை நட்ட நடுவுல இல்லாம ஒரு ஓரமா இருக்கும், அது தப்பா போட்டது இல்ல, கிண்ணத்த லேசா திருப்பினா சுத்தியல் கிட்ட வரும் தள்ளிப் போகும், அதுக்காகத்தான். ஸ்க்ரூவ தளர்த்தி கொஞ்சம் கொஞ்சமா திருப்பி, மொபைல்லருந்து கூப்பிட்டு கேட்டு கேட்டு சரி பண்ணுங்க. அண்ணா இத அஞ்சு நிமிஷத்துல பண்ணாரு, நான் அடுத்த தடவை தனியா பண்ணப்ப ஒரு மணி நேரம் ஆச்சு. மதியம் தூங்குற வீடுன்னா கிண்ணத்துக்கு அடில சின்ன துணித்துண்டு சொருகினா சத்தம் அடங்கும்.

ஸ்டெப் 5: கூப்பிடறது

சின்னப் பசங்களுக்கு சொல்லித் தரணும், நெஜமாவே தெரியாது, ஓட்டைக்குள்ள விரல விட்டு பட்டன் மாதிரி அமுக்குறாங்க. ஓட்டைல விரல விட்டு வலது பக்கமா, அந்த இரும்பு கொக்கி தடுக்கிற வரைக்கும் சுத்தணும், அப்புறம் விரல எடுத்துடணும். திரும்பி வர்றப்ப கூடவே தள்ளக் கூடாது, இழுத்து புடிக்கவும் கூடாது, வேகம் மாறுனா எண்ணிக்கை மாறும்.

2021 ஜனவரி 15லருந்து லேண்ட்லைன்ல இருந்து மொபைலுக்கு போட்டா முன்னாடி 0 சேக்கணும். சுத்துற டயல்ல 0தான் இருக்கிறதுலயே நீளம். பதினோரு எண் சுத்தி முடிக்க எனக்கு கிட்டத்தட்ட 20 செகண்டு ஆகுது, நம்பர்ல 9ம் 8ம் நிறைய இருந்தா இன்னும் கூட. நடுவுல யோசிச்சுக்கிட்டு நின்னீங்கன்னா பெட்டி பொறுமை இழந்து அதுவரைக்கும் போட்ட நம்பர அனுப்பிடும், அதனால நம்பர பேப்பர்ல எழுதி கண்ணு முன்னாடி வெச்சுக்கிட்டு சுத்துங்க.

பேங்க், கேஸ் புக்கிங்னு "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்"னு சொல்றப்ப சுத்துற போன் கைய விரிச்சிடும், பல்ஸ் அந்தப் பக்கம் வரைக்கும் போகாது. மொபைல்ல டோன் போடற ஆப் ஒண்ணு எறக்கி, அந்த எண்ண அழுத்தி, ஸ்பீக்கர ரிசீவரோட வாய்ப்பக்கம் புடிச்சா பல சமயம் எடுத்துக்கும். பட்டன் போன்ல பல்ஸ்ல போட்டு பேசிட்டு இருக்கீங்கன்னா நட்சத்திர பட்டன அமுக்குங்க, நிறைய மாடல்ல அதுக்கப்புறம் டோனுக்கு மாறிடும்.

யார் கூப்பிடறாங்கன்னு காட்டாது. அது தொல்லைன்னா நடுவுல மாட்டுற தனி காலர் ஐடி பெட்டி இருக்கு. நான் மாட்டல, மணி அடிச்சா யாருன்னு தெரியாம ஓடிப் போய் எடுக்கிறது நல்லாத்தான் இருக்கு.

கரண்டு போனா

2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்ப எங்க தெருவுல கரண்டு இல்ல, மொபைல் சிக்னல் இல்ல, எங்க வீட்டு செம்பு லைன் போன் மட்டும் உசுரோட இருந்துச்சு, மாடி வீட்டுக்காரங்க எதிர் வீட்டுக்காரங்கன்னு வந்து ஊருக்கு பேசிட்டு போனாங்க. காரணம் சுலபம், வயர் போனுக்கு வேண்டிய கரண்டு எக்ஸ்சேஞ்ச் பேட்டரிலருந்து அந்த வயர்லயே வந்துருது. அத நம்பி இப்பவும் நிறைய பேர் வயர் போன் வாங்குறாங்க. ஆனா பைபர்ல அந்த கதை செல்லாது, கண்ணாடி இழைல கரண்டு வராது, உங்க வீட்டு பெட்டி அணைஞ்சா போனும் அணையும். ரவுட்டருக்கு வெக்கிற சின்ன யுபிஎஸ் ஒண்ணு வாங்கிடுங்க, பெட்டி அடாப்டர்ல போட்டிருக்கிற வோல்ட்டும் ஆம்ப்பும் அதோட ஒத்துப் போகுதான்னு பாத்து வாங்குங்க, பெரும்பாலும் 12 வோல்ட்தான் இருக்கும்.

இடி மின்னல் நேரத்துல செம்பு லைன் வயர் போன்ல பேசாதீங்க. தூரத்துல இடி கேட்டாலே லைன உருவி வெச்சுடறது எங்க வீட்டு பழக்கம்.

ஸ்டெப் 6: கரகரப்பும் அழுக்கும்

எதிர்ல இருக்கிறவங்க "கெணத்துல இருந்து பேசுற மாதிரி இருக்கு"ன்னா, பழைய ரிசீவரோட வாய்ப்பக்கம் இருக்கிற கார்பன் மைக்ல துகள் இறுகி போயிருக்கும். ரிசீவர உள்ளங்கைல ரெண்டு தட்டு தட்டுங்க, பாதி நேரம் அதுலயே சரியாயிடும், நம்ம அப்பாங்க எல்லாம் போன தட்டி தட்டி பேசுனது சும்மா இல்ல. கரகரன்னு விட்டு விட்டு வந்தா சுருள் வயர்தான் காரணம், நெளிச்சு நெளிச்சு பாத்தா எந்த எடம்னு தெரிஞ்சிடும்.

டயல் மந்தமா இருந்தா தையல் மெஷின் எண்ணெய் ஊசி முனைல ஒரு சொட்டு எடுத்து பல்சக்கரத்தோட அச்சுல வெக்கலாம், வேகத்த கட்டுப்படுத்துற அந்த குட்டி உருளைக்குள்ள மட்டும் படக்கூடாது. தேங்காய் எண்ணெய் விட்டுடாதீங்க, ஆறு மாசத்துல பிசினாயிடும். பேக்கலைட்ட சோப்பு தண்ணில நனைச்சு புழிஞ்ச துணியால தொடைச்சு ஒடனே காய விடுங்க, ஊற வெக்க வேண்டாம்.

சும்மா வெச்சிருந்தா டயல் மறுபடி இறுகும், வாரத்துக்கு ஒருதடவை எல்லா எண்ணையும் ஒரு சுத்து சுத்தி விடுங்க, லைன உருவிட்டு. இந்த உருவுறத நான் ஏன் திரும்பத் திரும்ப சொல்றேன்னா, எங்க வீட்ல இந்த வேலை பையனோடது, அவன் ஒருநாள் உருவாம சுத்திட்டான். அவசர உதவி நம்பர் 112ங்கறது வெறும் நாலு வெட்டு, டயல்ல அத விட சீக்கிரமா விழுற நம்பர் கம்மி. கன்வர்ட்டர் வேற அப்பதான் புதுசா போட்டிருந்தேன், நல்லா வேலை செஞ்சிருக்கு. உங்களுக்கும் அப்படி போய் விழுந்துச்சுன்னா பயந்து டொக்குனு வெச்சுடாதீங்க, தப்பா வந்துருச்சுன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு வைங்க, இல்லன்னா அவங்க திரும்பக் கூப்பிடுவாங்க, அந்த மணி ரொம்ப சத்தமா கேக்கும்.